டயர் வாங்க ஒரு ஸ்ப்ரெட்ஷீட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஸ்ப்ரெட்ஷீட் பற்றிப் பேசினால், "அதெல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு, வீட்டில் நமக்கு எதற்கு?" என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மூன்று மாதங்களாக அதில் அவர் செய்ததெல்லாம் செய்தி படிப்பதும் சீட்டு விளையாடுவதும்தான். பிறகு ஒரே வாரத்தில் ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொண்டார். காரணம், என் சைக்கிளின் பின் சக்கர டயர்!

அந்தக் கதையை இங்கே சொல்கிறேன். கூடவே, டயர் மட்டுமல்ல, மிக்ஸியோ பிரிண்டரோ எதை வாங்குவதாக இருந்தாலும் பல பொருள்களை ஒப்பிட்டு முடிவெடுக்கக் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்றும் பார்க்கலாம்.

கேளம்பாக்கத்தில் மலை ஏது?

எனக்கு வேலை சிறுசேரி சிப்காட்டில். வீடு கேளம்பாக்கத்தில். வாரம் முழுவதும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதற்குப் பரிகாரமாக, ஞாயிறு காலையில் மவுண்டன் பைக் எனப்படும் கரடுமுரடான பாதைகளுக்கான சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். "இங்கே மலை எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பெரிய மலை இல்லைதான். ஆனால் வண்டலூர் சாலையில் புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் கோயில் குன்று பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைகள் உண்டு. தெற்கே தையூர் ஏரிப் பக்கம் போனால் கரைமேடு, களிமண், கல் எல்லாம் உண்டு. கிழக்கே கோவளம் பக்கம் திரும்பினால் மணல். (காப்புக்காடுகளுக்குள் மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.)

இப்படி ஏற்றமும் இறக்கமும் கலந்த மண்பாதைகளில் நெடுந்தூரம் ஓட்டுவதைக் கிராஸ் கன்ட்ரி என்கிறார்கள். மவுண்டன் பைக் விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் வளர்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இருந்து கிராஸ் கன்ட்ரி ஒரு ஒலிம்பிக் போட்டியாகவும் இருக்கிறது. இதில் ஏறுவதற்கு வண்டி லேசாக இருக்க வேண்டும். ஏறும்போது பின் சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிகள். மண்ணைக் கடிக்கும் பெரிய ரப்பர் பற்கள் என்றால் எடை கூடும். எடையைக் குறைத்தால் பல்லும் குறையும், டயரின் பக்கச் சுவரும் மெலியும்.

முதல் தவறு: ஒரே எண்

சைக்கிளோடு வந்த டயர் தேய்ந்துவிட்டது. அது 900 கிராமுக்கு மேல் இருந்தது. "லேசான, நல்ல பிடிப்பு உள்ள பின் டயர் வேண்டும்" என்று தேட ஆரம்பித்தேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் அல்லவா! கிடைத்த டயர்களின் பெயர்களையும் எடையையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். எடை குறைந்தது மேலே வருமாறு ஸார்ட் செய்தேன். முதல் வரிசையில் 560 கிராம் என்று ஒன்று வந்து நின்றது. ஐந்து நிமிடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கிகாஹெர்ட்ஸ் எண் எது பெரியது என்று மட்டும் பார்த்து வாங்கி, ராம் போதவில்லை என்று பிறகு வருந்துவார்கள் இல்லையா? நான் செய்ததும் அதேதான். அவர்களுக்கு அறிவுரை சொல்கிற நானே செய்தேன்.

முதல் மாதத்தில் இரண்டு பஞ்சர். இரண்டும் முள். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, ஏரிக்கரையில் இருந்து சரளை இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். கூர்மையான ஒரு கல் பின் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. ஒரே நொடியில் காற்று போய்விட்டது. பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். அந்த வழியாக வந்த குட்டியானைக்காரர் ஒருவர் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அலுவலகத்தில் புதிய சாஃப்ட்வேரை வெளியிடும் சமயம் அது. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை இங்கே எழுதினால் இதழ் நிறைந்துவிடும்.

அப்பா கேட்ட கேள்வி

கட்டுப் போட்ட மூன்றாம் நாள், "எப்படிடா இந்த டயரைத் தேர்ந்தெடுத்தே?" என்று அப்பா கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே என் ஃபைலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"பேர் இருக்கு, எடை இருக்கு. இதுல முள்ளு எங்கடா இருக்கு? கல்லு எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. எடையை வரிசைப்படுத்து என்றேன், அது வரிசைப்படுத்தியது. நான் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

"சரி, மறுபடியும் போடுவோம். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்று அப்பா கீபோர்டை இழுத்துக்கொண்டார். என் கை கட்டில் இருந்ததால் வேறு வழியும் இல்லை. நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் கூடவே செய்து பாருங்கள். எக்ஸெல் இருந்தால் அதில் செய்யலாம். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் என்ற புரோகிராமை இலவசமாக இறக்கிப் பதிந்துகொள்ளலாம். இங்கே சொல்பவை இரண்டிலும் ஒன்றுதான்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் மேலிருந்து கீழாகச் செல்வது நெட்டு வரிசை. அதற்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் பெயராக இருக்கும். இடமிருந்து வலமாகச் செல்வது படுக்கை வரிசை. அதற்கு 1, 2, 3 என்று எண்கள். இரண்டும் சந்திக்கும் கட்டம் செல் எனப்படும். பி நெட்டு வரிசையும் 2ஆம் படுக்கை வரிசையும் சந்திக்கும் செல்லின் பெயர் பி2. அவ்வளவுதான் இலக்கணம்.

அப்பா செய்த இரண்டு தவறுகளை நீங்கள் தவிர்க்கலாம்.

1. எடையைப் போடும்போது அவர் "560 கிராம்" என்று அடித்தார். அப்படி அடித்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகத்தான் பார்க்கும். பிறகு கூட்ட முடியாது. செல்லில் 560 என்று மட்டும் அடியுங்கள். கிராம் என்பதை மேலே உள்ள தலைப்பில் எழுதுங்கள். சரியாக அடித்தோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி: நாம் எதையும் மாற்றாதவரை எண்கள் செல்லின் வலது ஓரத்திலும், எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்கும்.

2. எடை உள்ள நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அவர் ஸார்ட் செய்தார். எடை மட்டும் இடம் மாறியது, பெயர்கள் அப்படியே நின்றன. ஒரு டயரின் எடை வேறு டயரின் தலையில் ஏறிவிட்டது! இப்படி நடந்தால் பதற வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்துங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். ஸார்ட் செய்யும் முன் ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தலைப்பு உட்பட அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டேட்டா மெனுவில் ஸார்ட் சென்று, எந்தத் தலைப்பின்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

அட்டவணையில் என்னென்ன தலைப்புகள் வேண்டும்? அதற்கு டயரின் பக்கவாட்டிலும் அட்டையிலும் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் விளம்பரத்தில் ஜிபி, கிகாஹெர்ட்ஸ் என்று வருவதைப் போல இங்கேயும் சில குறியீடுகள் உண்டு.

அளவு: 57-622 என்று இருந்தால், டயரின் அகலம் 57 மில்லிமீட்டர், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். கடையில் 29 அங்குல டயர் என்று சொல்வது இந்த 622ஐத்தான். 27.5 அங்குலம் என்றால் 584. பழைய 26 அங்குல மவுண்டன் பைக் என்றால் 559. அங்குலக் கணக்கில் குழப்பம் வரலாம், இந்த மூன்று இலக்க எண்ணில் குழப்பமே வராது. உங்கள் பழைய டயரில் உள்ள எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அகலம்: கிராஸ் கன்ட்ரிக்கு இப்போது 2.2 முதல் 2.4 அங்குலம் வரை பயன்படுத்துகிறார்கள். அகலம் கூடினால் மணலில் புதையாது. ஆனால் உங்கள் சைக்கிளின் பின் கவட்டையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். களிமண் ஒட்டினாலும் சுற்றும் அளவுக்கு இரு பக்கமும் இடைவெளி வேண்டும்.

நூல் எண்ணிக்கை: டயரின் உள்ளே இருப்பது ரப்பர் பூசிய துணி. ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதை டிபிஐ என்ற எண் சொல்லும். 60 என்றால் தடித்த நூல், கனமானது, கிழிவதைத் தாங்கும். 120 என்றால் மெல்லிய நூல், லேசானது, மேடுபள்ளத்துக்கு ஏற்ப நன்றாக வளையும், ஆனால் சுலபமாகக் கிழியும். சில டயர்களில் 120 நூலோடு பக்கச் சுவரில் கூடுதலாக ஒரு பாதுகாப்பு அடுக்கும் இருக்கும். என் 560 கிராம் டயரில் அந்த அடுக்கு இல்லை. அது இல்லாததால்தான் அவ்வளவு லேசாக இருந்தது!

விளிம்பு: டயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி இருந்தால் மடிக்க முடியாது. அதற்குப் பதிலாக கெவ்லார் போன்ற இழை இருந்தால் மடித்துப் பைக்குள் வைக்கலாம், எடையும் குறையும்.

ரப்பரின் மென்மை: 50ஏ, 60ஏ என்று சில நிறுவனங்கள் குறிப்பிடும். எண் குறைந்தால் ரப்பர் மென்மையானது. பாறையில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது, அதிக எடையையும் சுமக்கிறது. ஆகவே பின் டயர் வேகமாகத் தேயும். பின்னால் கொஞ்சம் கெட்டியான ரப்பரே நல்லது.

பற்கள்: நடுவில் உள்ள பற்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருந்தால் தார்ச் சாலையில் சுலபமாக உருளும். உயரமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் ஈர மண்ணைக் கடிக்கும், சேற்றையும் உதறும். பெரும்பாலான கிராஸ் கன்ட்ரி ஓட்டுநர்கள் திருப்பத்தில் பிடிப்பதற்காக முன்னால் பெரிய பல்லும், வேகத்துக்காகப் பின்னால் தாழ்ந்த பல்லும் வைத்துக்கொள்கிறார்கள். ஷ்வால்பே நிறுவனம் முன் சக்கரத்துக்கு ரேசிங் ரே, பின் சக்கரத்துக்கு ரேசிங் ரால்ஃப் என்று ஜோடியாகவே வடிவமைத்தது. மேக்சிஸ் ஐகான், விட்டோரியா மெஸ்கால், கான்டினென்டல் கிராஸ் கிங் ஆகியவையும் இந்த வகையில் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள். ஆனால் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஒரே பெயரில் லேசான சுவர், கெட்டியான சுவர் என்று பல வகைகள் விற்கிறார்கள்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

கட்டுப் பிரித்த பிறகு, கிழிந்த டயரை எடுத்துக்கொண்டு வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்குப் போனேன். எடையைப் பற்றிய என் ஆராய்ச்சியை எல்லாம் கடைக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, டயரை எடை போட்டீங்க. உள்ள இருக்கிற டியூபை எடை போட்டீங்களா?"

"இல்லண்ணே."

பக்கத்து மளிகைக் கடைத் தராசில் டியூபை வைத்துக் காட்டினார். 190 கிராம்! ஐம்பது நூறு கிராமுக்காக டயரின் சுவரைக் காவு கொடுத்த நான், 190 கிராமை உள்ளேயே வைத்துச் சுமந்துகொண்டிருந்தேன்.

டியூப்லெஸ் முறையில் டியூப் கிடையாது. அதற்குப் பதிலாக டயருக்குள் சீலண்ட் என்ற பால் போன்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தி ஓட்டை விழுந்தால், காற்றோடு வெளியே வரும் திரவம் அந்த ஓட்டையிலேயே உறைந்து அடைத்துவிடும். நம் பக்கத்துக்கு இது வரப்பிரசாதம். ஏரிக்கரை முழுவதும் சீமைக் கருவேலம். தரையில் நெருஞ்சி. அமெரிக்க சைக்கிள்காரர்கள் கோட்ஹெட், அதாவது ஆட்டுத்தலை என்று பெயர் வைத்துப் பயப்படும் முள் வேறு எதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான்!

அன்று இரவு அப்பாவின் அட்டவணையில் டயர், டியூப், சீலண்ட், மொத்தம் என்று தலைப்புகள் வந்தன. மொத்தம் போடுவது சுலபம். மொத்தம் வர வேண்டிய செல்லை கிளிக் செய்து, முதலில் சமக் குறி போடுங்கள். டயர் எடை உள்ள செல்லை கிளிக் செய்யுங்கள். பிளஸ் குறி. டியூப் செல்லை கிளிக் செய்யுங்கள். பிளஸ் குறி. சீலண்ட் செல்லை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். எங்களுக்கு வந்த விடை இது (எல்லாம் கிராமில்):

முதல் டயர் (லேசான சுவர், டியூபுடன்): 560 + 190 + 0 = 750
இரண்டாம் டயர் (பாதுகாப்பு அடுக்கு உண்டு, டியூப்லெஸ்): 660 + 0 + 100 = 760
மூன்றாம் டயர் (பெரிய பற்கள், டியூப்லெஸ்): 820 + 0 + 100 = 920

முதல் டயருக்கும் இரண்டாம் டயருக்கும் உண்மையான வித்தியாசம் 10 கிராம். பத்தே கிராமுக்காக என் மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அப்பா எதுவும் சொல்லவில்லை. மொத்தம் உள்ள நெட்டு வரிசைக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் அடித்தார்.

மதிப்பெண் போடலாம், வாருங்கள்

எடை மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. மற்றவற்றை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இங்கேதான் ஸ்ப்ரெட்ஷீட்டின் உண்மையான பலம் இருக்கிறது.

கீழே உள்ள பிளஸ் குறியை கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் படுக்கை வரிசையில் பெயர், எடை, முள்-கல் தாங்குதல், பிடிப்பு, உருளும் வேகம், மொத்தம் என்று தலைப்புகளை அடியுங்கள். இரண்டாம் படுக்கை வரிசையில், ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணாகக் கொடுங்கள். கூட்டினால் 10 வர வேண்டும். நாங்கள் எடைக்கு 2, முள்-கல்லுக்கு 3, பிடிப்புக்கு 3, வேகத்துக்கு 2 கொடுத்தோம். மூன்று முதல் ஐந்து வரையிலான வரிசைகளில் டயர்களுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடுங்கள். எங்கள் மதிப்பெண்கள், அதே வரிசையில்:

முதல் டயர்: 5, 1, 3, 5
இரண்டாம் டயர்: 4, 4, 4, 4
மூன்றாம் டயர்: 2, 5, 5, 2

இப்போது எஃப்3 செல்லில் சமக் குறி போடுங்கள். பி3 செல்லை கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட்டு, பி2 செல்லை கிளிக் செய்து, உடனே எஃப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். பி2 என்பதில் டாலர் குறிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பிளஸ் குறி. இதே போல் சி3ஐ சி2 ஆலும், டி3ஐ டி2 ஆலும், இ3ஐ இ2 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டாம் வரிசை செல்லை கிளிக் செய்தவுடன் எஃப்4 அழுத்த மறக்காதீர்கள். கடைசியில் என்டர்.

டாலர் எதற்கு? இந்த ஃபார்முலாவைக் கீழே உள்ள டயர்களுக்கும் காப்பி செய்யப்போகிறோம். டாலர் குறி இல்லாவிட்டால் காப்பி செய்யும்போது பி2 என்பது பி3 ஆக மாறிவிடும். முக்கியத்துவ எண்ணால் பெருக்காமல் முதல் டயரின் மதிப்பெண்ணால் பெருக்கும்! டாலர் குறி, "இந்தச் செல்லை விட்டு நகராதே" என்று ஆணி அடிப்பது போல. ஃபார்முலா சரியாக வந்ததும், எஃப்3 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து இரண்டு செல்கள் கீழே இழுங்கள்.

விடை: முதல் டயர் 32, இரண்டாம் டயர் 40, மூன்றாம் டயர் 38.

இப்போது ஒரு விளையாட்டு. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பின் முக்கியத்துவத்தை 4 ஆக்கி, வேகத்தை 1 ஆக்குங்கள். மொத்தம் தானாகவே மாறும்: 30, 40, 41. மூன்றாம் டயர் முந்திவிட்டது! அதாவது அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மட்டும் சேற்றில் ஓட்டுகிறவருக்குப் பெரிய பற்கள் உள்ள டயர்தான் சரி. அடுத்து எடைக்கு 10, மற்ற மூன்றுக்கும் பூஜ்யம் கொடுங்கள். முதல் டயர் 50 எடுத்து முதலிடத்துக்கு வரும். நான் ஆரம்பத்தில் செய்தது இந்தக் கணக்கைத்தான். எனக்கே தெரியாமல் முள்ளுக்கும் கல்லுக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன்.

இந்த மதிப்பெண்கள் எங்கள் பாதைக்கு நாங்கள் போட்டவை. உங்கள் ஊரில் மணல் அதிகமா, பாறை அதிகமா என்பதைப் பொறுத்து உங்கள் எண்கள் மாறும். உங்கள் எண்களைப் போட்டால்தான் உங்களுக்கான விடை கிடைக்கும்.

100 கிராம் எவ்வளவு பெரிய விஷயம்?

"அப்படியே 100 கிராம் கூடினாலும் என்ன ஆகும்?" என்றார் அப்பா. அதையும் கணக்குப் போட்டோம். நான் 70 கிலோ, சைக்கிள் 13 கிலோ, தண்ணீரும் கருவிகளும் 2 கிலோ. மொத்தம் 85 கிலோ. அதில் 100 கிராம் என்பது 0.12 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் பத்து நிமிடம் ஏறினால், அதனால் தாமதமாவது ஒரு நொடிக்கும் குறைவு, சுமார் 0.7 நொடி. சக்கரத்தின் ஓரத்தில் உள்ள எடை, வேகம் கூட்டும்போது மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்காகும் என்பது உண்மைதான். இரண்டு மடங்கு என்றாலும் ஒன்றரை நொடிக்குள்தான்.

ஒரு பஞ்சர் ஒட்டிக் கிளம்ப 15 நிமிடம், அதாவது 900 நொடி. ஏற்றத்துக்கு 0.7 நொடி வீதம் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட 1,280க்கும் அதிகமான முறை ஏற வேண்டும்!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் கிராஸ் கன்ட்ரி போட்டியின் நடுவில் முன் டயர் பஞ்சராகிப் பின்தங்கினார். பழுது பார்க்கும் இடத்தில் அவருடைய குழுவினர் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு விரட்டிப் பிடித்துத் தங்கப் பதக்கமும் வாங்கினார். அவருக்குப் பாதையில் மெக்கானிக் காத்திருந்தார். எனக்கு ஏரிக்கரையில் யார் காத்திருக்கிறார்கள்?

செலவில்லாத பிடிப்பு

புதிய டயர் வாங்கும் முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டயரின் காற்றைச் சரிபாருங்கள். நான் முன்பு பின் டயரில் 40 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினேன். பின் சக்கரத்தின் மேல் சுமார் 50 கிலோ, அதாவது 110 பவுண்டு எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110ஐ 40 ஆல் வகுத்தால் 2.75. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர அங்குலம். காற்றை 25 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் 4.4 சதுர அங்குலம். 60 சதவீதம் அதிகம்! அதிகப் பற்கள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். வண்டி குதிப்பதும் குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டியூப் உள்ள டயரில் இவ்வளவு குறைக்காதீர்கள். கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டைகள் விழும். என் எடைக்கு டியூப் என்றால் 30 பிஎஸ்ஐ அளவிலும், டியூப்லெஸ் என்றால் 25 பிஎஸ்ஐ அளவிலும் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ பார்ப்பது நல்லது. அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வீட்டில் அவசியம்.

டியூப்லெஸ் முறைக்கு ரிம்மும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விலை குறைந்த பல சைக்கிள்களில் அப்படி இருக்காது. கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால், வால்வின் உள்பகுதியைக் கழற்றக்கூடிய டியூபாகப் பார்த்து வாங்கி, அதற்குள்ளேயே சீலண்ட் ஊற்றலாம். எடை கூடும், ஆனால் முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். அடுத்து எப்போது ஊற்ற வேண்டும் என்ற தேதியையும் அப்பா ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறார்.

முடிவாக...

இரண்டாம் டயரைத்தான் வாங்கினேன். ஆறு மாதமாகிறது. போன மாதம் டயரைத் துடைக்கும்போது ஒடிந்த முள் நுனிகள் நான்கு உள்ளே இருந்தன. நான்கையும் சீலண்ட் அடைத்திருந்தது. ஓட்டும்போது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. புதுப்பாக்கம் சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் மட்டும் பின் சக்கரம் கொஞ்சம் வழுக்குகிறது. உட்கார்ந்து மிதித்தால் பிடிக்கிறது. மணிக்கட்டு மழை நாளில் லேசாக வலிக்கிறது.

அப்பா இப்போது வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்க அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ஷீட்டில் "கேளம்பாக்கத்து உப்புத் தண்ணீர்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. விற்பவர் தரும் துண்டுப் பிரசுரத்தில் அப்படி ஒரு தலைப்பு இருக்காது. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

நீங்களும் அடுத்து வாங்கப் போகும் பொருளுக்கு இப்படி ஒரு ஷீட் தயார் செய்து பாருங்கள். எண்களை அடிக்கும் முன் தலைப்புகளை எழுதுங்கள். எழுதிய பிறகு வீட்டில் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, "இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?" என்று கேளுங்கள். அதன் பிறகு ஸார்ட் செய்யுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி ஃபைலை சேவ் செய்யவும் மறக்காதீர்கள்!